மயிலாடிக் கல்லும் ஜப்பான் பிளாப்பியும்

அன்னைக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். கம்ப்யூட்டர்ல இருக்கப்பட்ட ஒரு ஃபைல எடுத்து ஒரு பிளாப்பியில ஏத்தணும். அஞ்சு நிமிச வேலை.

நாலு நாள் ஆச்சு. கடைசியில ஒரு கல்யாணமே கெட்டுப் போகப் பாத்துது.

ரெண்டாயிரத்து பத்து, பதினொண்ணு வாக்குல நடந்தது. நான் அப்ப தக்கலையில ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல பாடம் எடுத்துக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா பழைய ஜப்பான் கம்ப்யூட்டர் கேம் எல்லாம் எறக்கி வெளையாடுவேன். அந்தக் கம்ப்யூட்டர நான் கண்ணால பாத்தது கெடையாது. அது மாதிரியே நடிக்கிற ஒரு சாஃப்ட்வேர் உண்டு, அதுல வெளையாடுறது. வெளையாடி வெளையாடி ஜப்பான் எழுத்துல "ஆமா" எது, "இல்ல" எதுன்னு தெரிஞ்சுபோச்சு.

ரெண்டு வார்த்த தெரிஞ்சவன் சும்மா இருக்கணும்லா? நான் இருக்கல. சொந்தக்காரன் வீட்டு வளைகாப்புல, பந்தியில வச்சு, "எனக்கு ஜப்பான் பாஷ ஓரளவு தெரியும்"னு சொல்லிப்போட்டேன். எதிர் எலயில எனக்க மச்சினன் தாணு இருந்தான். அவன் அப்பளத்த கீழ வச்சிட்டு என்னைய பாத்தான்.

தாணு எனக்க பொண்டாட்டி பகவதிக்க தம்பி. மயிலாடியில கல்லுல எழுத்து வெட்டுற பட்டறை வச்சிருக்கான். கொச்சியில ஒரு ஆளுகிட்ட இருந்து ஜப்பான்ல ஓடிப் பழசாப்போன ஒரு மிஷின வாங்கிப் போட்டிருந்தான். வைர முனை வச்ச மிஷின். அத ஓட்டுறதுக்கு ஒரு ஜப்பான் கம்ப்யூட்டர். பிளாப்பி போட்டாத்தான் அந்தக் கம்ப்யூட்டர் கண்ணையே தொறக்கும்.

"அத்தான், அந்தப் பிளாப்பி செத்துப்போச்சு. கொச்சிக்காரரு ஒரு ஃபைல் அனுப்பிருக்காரு. அதுல பழைய பிளாப்பி அப்படியே இருக்காம். புதுசுல ஏத்துனா போதுமாம். ஒங்களால முடியுமா?"

"இதெல்லாம் ஒரு வேலையா? நாளைக்கு வா"ன்னேன்.

"அத்தான், வெளையாட்டு இல்ல கேட்டேளா. நல்லபெருமாள் அண்ணாச்சிக்க கல்லு."

அங்கதான் விசயம். தாணுவுக்கு அப்ப முப்பத்தி நாலு வயசு. பொண்ணு பாத்து பாத்து பகவதிக்கு நாக்கு வறண்டு போச்சு. கடைசியா தக்கலையில நல்லபெருமாள் அண்ணாச்சிக்க மக ஸ்ரீஜாவ கேட்டிருந்தோம். அண்ணாச்சி அவரு அம்மைக்க பேருல, தங்கம்மை திருமண மண்டபம்னு ஒண்ணு கட்டிக்கிட்டு இருந்தாரு. விஜயதசமியன்னைக்கு பத்தரைக்குத் தொறப்பு. "பையனுக்குத் தொழில் எப்படின்னு பாக்கணும்லா. வாசல்ல வைக்க வேண்டிய கல்ல அவனே வெட்டிட்டு வரட்டும். பொறவு பேசுவோம்"னு சொல்லியிருந்தாரு.

ஆக, கல்லு ஒழுங்கா வந்தா பொண்ணு. வரலன்னா தாணுவுக்கு வயசு முப்பத்தி அஞ்சு.

தொறப்புக்கு நாலு நாள் இருந்துது. நான் சென்டர்ல கெடந்த ஒரு பழைய பிளாப்பிய எடுத்தேன். ஃபைல காப்பி பண்ணுனேன். பேஸ்ட் பண்ணுனேன். ஒண்ணே கால் எம்பி, பிளாப்பிக்குள்ள கச்சிதமா போய் உக்காந்துது. பஸ் ஏறி மயிலாடி போயி, போட்டு, சுவிட்ச தட்டுனோம். திரையில நாலு வரி ஜப்பான் எழுத்து வந்து நின்னுது.

"என்ன அத்தான் சொல்லுது?"

நான் உத்துப் பாத்தேன். அதுல "ஆமா"வும் இல்ல, "இல்ல"யும் இல்ல.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுது"ன்னேன்.

ஒரு மணிக்கூறு பொறுத்தோம். பட்டறையில வேல பாக்குத ஆளுக சாமி சிலைக்கு மூக்கு செதுக்கிக்கிட்டே எங்கள பாத்துக்கிட்டு இருந்தாங்க. பொறவு தாணு கொச்சிக்காரருக்கு போன் போட்டு எனக்கிட்ட தந்தான்.

நான் செஞ்சத சொன்னேன். மறுபடி ஒருக்கா சொல்லச் சொன்னாரு. பொறவு ரொம்ப மரியாதையா கேட்டாரு: "சாரே, நிங்கள் கம்ப்யூட்டர் படிப்பிக்குந்ந ஆளல்லே?" கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்குத ஆளுதான நீங்கன்னு.

விசயம் என்னன்னா, அந்த ஃபைல பிளாப்பிக்குள்ள வைக்கப்பிடாது. பிளாப்பியாவே ஆக்கணும். அதுக்கு தனி சாஃப்ட்வேர் உண்டு. நான் செஞ்சது, வீட்டுக்க பிளான சுருட்டி காலி மனையில வச்சிட்டு, பால் காய்ச்ச ஆள் கூப்பிட்ட வேலை.

அது போக இன்னொண்ணும் சொன்னாரு. நம்ம ஊரு டிரைவ் பிளாப்பிய நிமிசத்துக்கு முந்நூறு சுத்து சுத்தும். இந்த ஜப்பான்காரன் முந்நூத்தி அறுபது சுத்து. ரெண்டு வேகத்துலயும் சுத்துத டிரைவ் இருந்தாத்தான் எழுத முடியும். அது ஜப்பான்லதான் விப்பாங்களாம்.

"என்ன அத்தான் சொல்லுகாரு?"ன்னு தாணு கேட்டான்.

"சின்ன பிரச்சனதான்"ன்னேன்.

வீட்டுக்கு வந்து பகவதிகிட்ட உள்ளத சொன்னேன். அவ அரசாங்க பள்ளிக்கூடத்துல டீச்சர். தப்பு பண்ணுன பிள்ளைய பாக்குத பார்வை ஒண்ணு உண்டு, அத எனக்குன்னு தனியா வச்சிருக்கா.

"எந்தம்பி கல்யாணத்த வச்சா வெளையாடுகீங்க?"

"நான் என்னட்டி செய்ய? ஜப்பான்காரன் வேகமா சுத்துனா அது எனக்க குத்தமா?"

"நாள மறுநாள் அஷ்டமி. சாயங்காலம் பூஜ வைக்கணும். அதுக்குள்ள முடிச்சிருங்க"ன்னா. நான் பூஜைய பத்தி அப்ப யோசிக்கவே இல்ல. அங்க விட்டேன் கோட்டை.

மறுநாள் நல்ல பிளாப்பி தேடிப் புறப்பட்டேன். தக்கலையில இல்ல. நாகர்கோவில்ல கேட்டா, "பென் டிரைவ் தரட்டா?"ங்கான். களியக்காவிளை வரைக்கும் போனேன். அங்க ஒரு ஜெராக்ஸ் கடையில, மேல் தட்டுல, பழைய காலண்டருக்கும் லேமினேசன் கவருக்கும் நடுவுல ஒரு பெட்டி இருந்துது. பத்து பிளாப்பி. கடைக்காரரு தூசியத் தட்டிட்டு கேட்டாரு: "பிள்ளைக்கு ப்ராஜெக்டா சாரே? பேனா ஸ்டாண்டு செய்யதுக்கு நெறைய பேரு வாங்கிட்டு போவாங்க."

"ஆமா"ன்னேன். வேற என்ன சொல்ல?

வீட்டுல வந்து ஒண்ணொண்ணா தகட்ட நீக்கிப் பாத்தா, எட்டுல பூஞ்ச. நம்ம ஊரு ஈரத்துல ஊறுகாயே தப்பாது, பிளாப்பி எப்படி தப்பும்? மிச்சம் ரெண்டு. அதுல ஒண்ணு டிரைவுல போட்டதும் கரகரன்னு முனங்கிட்டு உயிர விட்டுது. ஆக, உலகத்துல எனக்குன்னு இருந்தது ஒரு பிளாப்பி.

இனி டிரைவ் வேணும். யாரோ சொன்னாங்க, குளச்சல்ல சேவியர் அண்ணன்னு ஒருத்தரு கப்பல்ல வேல பாத்தவரு, ஜப்பான்ல வாங்குன லேப்டாப் வச்சிருக்காருன்னு. போன் பண்ணுனேன். லேப்டாப்போட ஒரு பிளாப்பி டிரைவும் உண்டாம்.

"ஒரு நாளைக்கு தருவீங்களா அண்ணே?"

"எனக்க பெண்டாட்டிய வேணும்னா தருவேன், அத தரமாட்டேன்"ன்னாரு. பின்னாலயே ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டுது. "நீ வேணும்னா இஞ்ச வா மக்கா, வந்து எழுதிட்டு போ"ன்னு கொரல தாழ்த்திச் சொன்னாரு.

அஷ்டமியன்னைக்கு காலைல குளச்சல் போனேன். டிரைவ அவரு கல்யாணக் கோட்டுக்குள்ள பொதிஞ்சு அலமாரியில வச்சிருந்தாரு. ரெண்டு கையாலயும் எடுத்து மேசையில வச்சாரு. கொச்சிக்காரரு சொன்ன சாஃப்ட்வேர போட்டு, பிளாப்பிய நுழைச்சு, பட்டன அமுக்குனேன். எழுத ஆரம்பிச்சுது. சேவியர் அண்ணன் சிலுவ போட்டாரு. நானும் ஒரு பாதுகாப்புக்கு பிள்ளையார நெனச்சுக்கிட்டேன்.

முடிஞ்சுது. ஒரு தப்பும் இல்ல. கொச்சிக்காரரு ஈமெயில்ல அனுப்புன கடுதாசி ஒண்ணும் உண்டு, பிளாப்பிய போட்டா திரையில என்னென்ன கேக்கும், என்ன பதில் அமுக்கணும்னு இங்கிலீசுல எழுதி. அதையும் அங்கனயே பிரிண்ட் எடுத்தேன். அண்ணனுக்க பெண்டாட்டி மீன் கொழம்பும் சோறும் வெளம்புனாங்க. அன்னைக்கு நம்ம வீட்டுல பூஜ, மீன் சாப்பிடப்பிடாது. சாப்பிட்டேன். ரெண்டு தடவ கொழம்பு கேட்டு வாங்குனேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பிளாப்பியையும் கடுதாசியையும் மேசையில வச்சிட்டு, மீன் வாடை போக சோப்பு போட்டுக் குளிக்கப் போனேன். நல்லா நேரம் எடுத்துக் குளிச்சேன். ஜெயிச்சவன் குளிக்கிற குளி.

வெளிய வந்தா மேச காலியா இருக்கு.

சாமி ரூம்ல எட்டிப் பாத்தேன். சரஸ்வதி படம். படத்துக்கு முன்னால பிள்ளைகளுக்க புத்தகம், பகவதிக்க பாடக்குறிப்பு நோட்டு, ரேசன் கார்டு, டிக்ஷனரி. அதுக்கெல்லாம் மேல எனக்க பிளாப்பி. நடுமத்தியில ஒரு சந்தனப் பொட்டு, அதுமேல குங்குமம். அடியில கடுதாசி.

வெளியூர்க்காரங்களுக்காக சொல்லுகேன். எங்க பக்கத்துல அஷ்டமி சாயங்காலம் பூஜையில வச்சா வச்சதுதான். விஜயதசமி காலைல பூஜ எடுக்குத வரைக்கும் தொடப்பிடாது. படிக்கப்பிடாது, எழுதப்பிடாது. எனக்க பிள்ளைக வருசம் முழுக்க காத்திருக்குத ரெண்டு நாள் அது.

"பகவதி, அத எதுக்குட்டி எடுத்து வச்ச?"

"எந்தம்பிக்கு இந்தக் கல்யாணம் அமையணும்னு வேண்டித்தான் வச்சேன்."

"அந்தக் கல்யாணம் அமையணும்னா அந்தப் பிளாப்பி வேணும். நாளைக்கு மயிலாடி கொண்டுபோயி போட்டுப் பாக்கணும்."

"சரஸ்வதிகிட்ட இருந்து பிடுங்கிட்டுப் போவீங்களோ?" அப்புறம் மூக்க சுருக்கி, "என்ன வாடை அடிக்குது?"ன்னு கேட்டா.

நான் மேற்கொண்டு வாதாடல. வெளிய போயி தாணுவுக்கு போன் பண்ணுனேன். "ஒங்க அக்கா பிளாப்பிய பூஜையில வச்சிட்டா. நாளைக்கு தரமாட்டா. நீயாவது சொல்லு"ன்னேன்.

"தந்தாலும் ஒண்ணும் ஆவாது அத்தான். இஞ்ச மிஷினே பூஜையிலதான் இருக்கு. மால எல்லாம் போட்டாச்சு"ன்னான். "விஜயதசமி காலைல நீங்க எடுத்துட்டு வாங்க. ரெண்டு மணிக்கூறுல வெட்டிரலாம்."

விஜயதசமி காலைல நாலரைக்கே குளிச்சு நின்னேன். பகவதி பூஜ முடிச்சு, தாம்பாளத்துல பச்சரிசிய பரப்பி, பிள்ளைகள எழுத வச்சா. பொறவு என்னையும் உக்கார வச்சா. அரிசியில "ஹரி ஸ்ரீ"ன்னு எழுதுனேன். எழுந்து பிளாப்பிய உருவுனேன். பொட்டு காஞ்சு அதுலயே ஒட்டியிருந்துது. சுரண்டுனா பாவம், விட்டுட்டேன்.

"நில்லுங்க. பூஜ எடுத்தா ரெண்டு வரி வாசிக்கணும்"னா பகவதி.

"வாசிக்க நேரமில்லட்டி. மொத பஸ் போயிரும்."

"ஒரு முழு பக்கமா கேக்கேன்? இன்னா, ஒங்க கடுதாசிதான் இருக்கு. இதுல ரெண்டு வரி வாசிச்சிட்டு போங்க. வித்தைக்கு மரியாத வேணும்லா."

"எனக்கு எல்லாம் தெரியும்"ன்னு சொல்லிட்டு எறங்கி ஓடுனேன். கடுதாசி அவ கையில.

மயிலாடி போய்ச் சேர ஏழே காலு. தாணு மிஷினுக்க மாலைய கழத்தி வச்சிட்டு நின்னான். வேட்டி சட்டையில, நெத்தி நெறைய திருநீறு. மிஷினுக்கு அடியில மெருகு போட்ட கறுப்புக் கல்லு. முகம் பாக்கலாம், அப்படி மெருகு. தங்கம்மை பேரும் தேதியும் இருக்கப்பட்ட எழுத்து, பழசு சாகதுக்கு முன்னாலயே ஏத்தி வச்சது, வேற ஒரு பிளாப்பியில பக்கத்துல தயாரா இருந்துது.

எனக்க பிளாப்பிய போட்டான். கம்ப்யூட்டர் ஒரு தடவ கனைச்சுது. திரை தெளிஞ்சுது. வந்துட்டு மக்களே, வந்துட்டு. எனக்கு கண்ணு கலங்கிப்போச்சு. தாணு எனக்க கையப் பிடிச்சிக்கிட்டான்.

அப்ப திரையில ஒரு கேள்வி வந்துது. ஒரு நீள வரி. அடியில ரெண்டு பதில். ஒண்ணு "ஆமா". இன்னொண்ணு "இல்ல". எனக்குத் தெரிஞ்ச ரெண்டே ரெண்டு வார்த்த, எனக்காகவே வந்து நின்ன மாதிரி.

"என்ன கேக்குது அத்தான்?"

"வேலைய தொடங்கட்டான்னு கேக்குது."

"கொச்சிக்காரரு கடுதாசி எங்க? அதுல பாத்திரலாம்."

"கடுதாசி என்னத்துக்கு? நான் இருக்கேன்லா"ன்னு சொல்லி "ஆமா"வ அமுக்குனேன்.

வைர முனை எறங்கிச்சு. கல்லுல பட்டதும் வெள்ளப் பொடி பறந்துது. எம்புட்டு வேகம், எம்புட்டு சுத்தம். நாங்க ரெண்டு பேரும் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னோம். அஞ்சு நிமிசம் கழிஞ்சு தாணு பைய கேட்டான்.

"அத்தான், எழுத்து பிளாப்பிய நான் இன்னும் போடவே இல்லையே. இது என்னத்த வெட்டுது?"

குனிஞ்சு பாத்தோம். ஒவ்வொரு எழுத்தும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. மேல இருந்து கீழ வரைக்கும் ஜப்பான் எழுத்து. தாணு ஓடிப்போயி கரண்ட பிடுங்குததுக்குள்ள ஆறு எழுத்து ஆழமா எறங்கிப்போச்சு.

அந்த நேரத்துல எனக்க போன் அடிச்சுது. பகவதி.

"நீங்கதான் வாசிக்கல, நானாவது வாசிப்போம்னு வாசிச்சேன். ஒங்க கடுதாசிய. மொத கேள்விக்கு கண்டிப்பா 'இல்ல'ன்னு அமுக்கணுமாம். அடியில கோடெல்லாம் போட்டிருக்கு."

"அமுக்காட்டா?"

"அது சோதனை ஓட்டமாம். ஜப்பான்ல கல்லறைக்கு எழுதுத ஒரு மாதிரி வாசகத்த வெட்டுமாம். 'முன்னோர் கல்லறை'ன்னு. நீங்க அமுக்கலயே?"

நான் போன வச்சிட்டேன்.

வேற மெருகுக் கல்லு பட்டறையில கெடையாது. மணி எட்டு தாண்டியாச்சு. தாணு கல்லு பக்கத்துல குந்தியிருந்து, "அண்ணாச்சிகிட்ட உள்ளத சொல்லிரலாம் அத்தான். ரெண்டு நாள்ல புதுசு தாரேன்னு கேப்போம்"னான். மொகத்த பாக்க சகிக்கல. அந்த நெலையில வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும்.

"சும்மா கெட. சொன்னா பொண்ணு போச்சு. துணியப் போட்டு மூடு. பூமாலைய நல்லா எறக்கி விடு. எவன் பாக்கப் போறான்?"

டெம்போவுல ஏத்தி தக்கலை போனோம். கல்ல வாசல்ல பதிச்சு, பட்டுத் துணி போட்டு, மேல மூணு மால. பத்தரைக்கு மேளம் கொட்டிச்சு. நல்லபெருமாள் அண்ணாச்சி கயித்த இழுத்தாரு. துணி வந்துது. துணியில மாட்டி மாலையும் வந்துது.

மேளம் நின்னுபோச்சு. ஊரே கல்ல பாக்குது. அண்ணாச்சி கண்ணாடிய கழத்தித் தொடச்சுப் போட்டாரு.

"மக்கா, இதுல எங்கம்மைக்க பேரு எங்க இருக்கு? இது என்ன எழுத்து?"

தாணு வாயத் தொறந்தான். அவனுக்கு முன்ன நான் பாஞ்சேன்.

"ஜப்பான் எழுத்து அண்ணாச்சி. இந்த மண்டபத்துல தாலி கெட்டுத எல்லாரும் நூறு வருசம் சந்தோசமா வாழணும்னு எழுதிருக்கு. அம்மைக்க பேரு தனிக் கல்லுல வருது."

அண்ணாச்சி மொகம் மலர்ந்துபோச்சு. "கொள்ளாமே. ஜில்லாவுலயே எவனும் செஞ்சிருக்கமாட்டான்." கை தட்டுனாங்க. அதோட விட்டாரா? மைக்க எனக்க கையில தந்தாரு. "அத அந்த பாஷயிலயே ஒருக்கா வாசியும்."

எனக்கு வாயால சொல்லத் தெரிஞ்ச ஜப்பான் வார்த்த எல்லாம் பைக்குக்க பேரும் டிவிக்க பேருந்தான். கண்ண மூடிக்கிட்டு அதையெல்லாம் வரிசையா, இழுத்து இழுத்து, மந்திரம் மாதிரி சொன்னேன். முன் வரிசையில நாலஞ்சு பேரு கும்பிட்டாங்க. அதுல ஒருத்தரு சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் திரும்பிப் பாத்தாரு, அவரு பைக்க யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்திருக்கும்.

தாணு எனக்க கையில இருந்து மைக்க வாங்குனான்.

"அண்ணாச்சி, அத்தான் சொன்னது பொய். நாங்க மிஷின தப்பா ஓட்டிட்டோம். இது ஜப்பான்ல கல்லறைக்கு எழுதுறது. முன்னோர் கல்லறைன்னு போட்டிருக்கு. ஒங்க அம்மைக்க பேரு வரவேண்டிய எடத்துல இப்படி ஆயிட்டு. மன்னிச்சிருங்க. ரெண்டு நாள்ல புதுக்கல்லு நான் கொண்டாந்து வைக்கேன். பொண்ணு விசயம் ஒங்க இஷ்டம்."

அண்ணாச்சிக்க கழுத்து நரம்பு பொடைக்குது. நான் செருப்பு எங்க கெடக்குன்னு பாத்து வச்சுக்கிட்டேன்.

அப்ப பொம்பளைக பக்கத்துல இருந்து ஒரு சிரிப்பு. அடக்கப் பாத்து, முடியாம, பொத்துக்கிட்டு வந்த சிரிப்பு. ஸ்ரீஜா. மொகத்த சேலையால பொத்திக்கிட்டு குலுங்குகா. "கல்லறைய போயி இவரு..."ன்னு என்னைய கை காட்டுகா, மேல பேச முடியல. அவளப் பாத்து பக்கத்துல உள்ளவங்க, அவங்களப் பாத்து மேளக்காரங்க. அண்ணாச்சி ரெண்டு நிமிசம் கோவமா நிக்க முயற்சி பண்ணுனாரு. அப்புறம் அவருக்க வயிறும் குலுங்க ஆரம்பிச்சுது.

சிரிக்காம நின்னது நானும் பகவதியும்தான். அவ அந்தக் கடுதாசிய கையிலயே கொண்டு வந்திருந்தா.

ரெண்டாம் நாள் தாணு புதுக்கல்லு வெட்டிக் கொண்டு வச்சான். கடுதாசிய அவனே வாசிச்சு, அவனே அமுக்குனான். பழைய கல்லு மண்டபத்துக்கு பின்னால, பாத்திரம் கழுவுற எடத்துல இப்பவும் கமந்து கெடக்கு.

அடுத்த வாரம் பொண்ணு வீட்டுல இருந்து ஆள் வந்துது. "கல்லு தப்பா வெட்டுனா மாத்திக்கிடலாம். அம்புட்டு பேரு முன்னால உள்ளத சொல்லுத ஆள் கெடைக்கமாட்டான்"னு ஸ்ரீஜா அப்பாகிட்ட சொன்னாளாம். பகவதி அழுதுட்டா. எனக்கும் சந்தோசந்தான், நான் ஒரு காரணம்லா?

நிச்சயத்தன்னைக்கு நல்லபெருமாள் அண்ணாச்சி எழும்பி நின்னு, எங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனதான் உண்டுன்னாரு: கல்யாண லெட்டர் அச்சடிக்குத வேலைய எனக்கிட்ட குடுக்கப்பிடாது.